ஆவணி ஒன்று, காலை ஒன்பதே கால்

ஏழுக்கு மாறலாமா, ஆறிலேயே இருந்துவிடலாமா என்று 'மூச்சுச் சொந்தங்கள்' குழுவில் ஒரு மாதமாக நடந்த சண்டையை நீங்கள் படித்திருந்தால், யாரோ வேலையற்றவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டரைப் பற்றி அடித்துக்கொள்கிறார்கள் என்றுதான் நினைத்திருப்பீர்கள். ஏழு பிரமாதம், பேட்டரி ரெண்டு நாள் நிக்குது என்பார் ஒருவர். நல்லா ஓடுற வண்டியை எதுக்குய்யா பிரிச்சுப் பாக்கணும் என்பார் அடுத்தவர். புதுசு வந்தா பழசைக் கெடுக்கத்தானே வருது என்று ஒரு அம்மா அங்கலாய்ப்பார். அதற்கு நானூறு பேர் கும்பிடு போடுவார்கள்.

வித்தியாசம் ஒன்றே ஒன்றுதான். கம்ப்யூட்டர் நின்றுபோனால் நாலு வார்த்தை திட்டிவிட்டு டீ குடிக்கப் போகலாம். இது நின்றுபோனால் மூச்சு நின்றுபோகும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் வந்த கழுத்துக் காய்ச்சல், பிழைத்தவர்களிடமிருந்து மூச்சு இழுக்கிற நரம்பைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. அவர்களுக்கெல்லாம் விலா எலும்புக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு பொறியை வைத்துத் தைத்தார்கள். தூங்கினாலும் விழித்திருந்தாலும் நிமிஷத்துக்குப் பதினாலு தடவை அது நெஞ்சை இழுத்து விடும். பெயர் ஏதோ வாய்க்குள் நுழையாத பெயர். நம் ஊரில் அதை மூச்சுப்பொட்டி என்றார்கள். தமிழ்நாட்டில் மட்டும் முப்பத்தெட்டாயிரம் பொட்டிகள். எல்லாம் ஆறாம் பதிப்பு மென்பொருளில் ஓடிக்கொண்டிருந்தன. அழுதாலும் ஓடினாலும் உடம்பு கேட்கிற மூச்சை ஆறு கூட்டிக் கொடுத்துவிடும்.

அப்போதுதான் கம்பெனி அறிவித்தது: ஏழாம் பதிப்பு வந்துவிட்டது, முப்பத்தைந்து நாளுக்குள் மாறிக்கொள்ளுங்கள். நம் கணக்குக்கு ஆவணி முதல் வெள்ளிக்கிழமையோடு கெடு முடிகிறது. அதற்குப் பிறகும் ஆறு ஓடும். ஆனால் கோளாறு ஆனால் எங்களிடம் வராதீர்கள்.

குழுவை நடத்தியவர் தில்லைநாயகம். திருச்சி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். விசில் ஊதி பஸ்ஸை வெளியே தள்ளுவதே தொழிலாக இருந்தவருக்கு, எல்லாமே நேரத்துக்கு நடக்க வேண்டும். அவருக்கும் பொட்டி, அவர் மனைவி சௌந்தரவல்லிக்கும் பொட்டி. ஒரே வாரத்தில் இருவரும் காய்ச்சலில் படுத்து, ஒரே வாரத்தில் எழுந்தவர்கள். வல்லிக்குக் கூடுதலாக ஒரு நஷ்டம், காய்ச்சல் அவள் வலது கையையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. அந்தக் கை மடியில் கிடக்கும், அவ்வளவுதான்.

வெள்ளோட்டத்துக்குக் கம்பெனி நூறு பேரைப் பொறுக்கியபோது தில்லைநாயகத்தையும் எடுத்தார்கள். ஆனி மாதத்திலேயே மாறிவிட்டார். மாறுகிற தொண்ணூறு விநாடியும் பொட்டி நிற்கும். அந்த நேரம் வாயும் மூக்கும் மறைய மூடியை அழுத்திப் பிடித்து, ரப்பர் பையை அமுக்கி, கையால் காற்றடிக்க ஒரு ஆள் வேண்டும். எதிர்வீட்டு சகாயராஜ் வந்து அடித்தான். எண்பத்தொன்பதாவது விநாடி பொட்டி பீப் என்றது, வேலை முடிந்தது. அன்றிலிருந்து தில்லைநாயகம் ஏழின் தவில்காரராகிவிட்டார். எங்கே போனாலும் அதே அடிதான்.

அதே வெள்ளோட்டத்தில் இருந்த இரண்டு பேர் மட்டும் வேறு மாதிரி எழுதினார்கள்.

கோவில்பட்டி கோமதி எழுதியது: "தம்பி சாவுக்குப் போயிருந்தேன். கண்ணுல தண்ணி வருது, அழுகை வரல. நெஞ்சு விம்ம மாட்டேங்குது. பொட்டி விடமாட்டேங்குது. சொந்தக்காரங்க ஒரு மாதிரி பாத்தாங்க."

திண்டுக்கல் மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் முனியாண்டி எழுதியது: "மூட்டை ஏத்தினா மேல்மூச்சு வாங்கணுமில்ல, அதை வாங்க விடமாட்டேங்குது. கண்ணு இருட்டுது அண்ணே."

தில்லைநாயகம் கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டார். அங்கே பேசிய பெண் பாடம் ஒப்பித்தாள். "அது குறை இல்ல சார், ஏழோட சிறப்பே அதுதான். மூச்சு தாறுமாறாப் போனா உடனே சீராக்கிடும். பேட்டரி நிக்கிறதே அதனாலதான்."

அவருக்குத் திருப்தியாகிவிட்டது. அவர் கடைசியாக எப்போது அழுதார் என்பது அவருக்கே ஞாபகமில்லை, மூட்டை தூக்குகிற வேலையும் அவருக்கில்லை. "மூட்டையை விட்டுட்டு ஒரு பொட்டிக்கடை வைங்க முனியாண்டி" என்று கேலி செய்துவிட்டு, இரண்டு செய்தியையும் அழித்தார். வதந்தியைப் படித்து ஜனங்கள் மிரண்டு, கெடு தாண்டிவிடக் கூடாதே என்ற நல்லெண்ணம்தான். நல்லெண்ணத்தில் செய்கிற காரியத்துக்குக் கணக்கு கேட்க மாட்டார்கள் என்று யார்தான் சொன்னார்களோ.

ஆனால் அழிப்பதற்குள் வல்லி படித்துவிட்டிருந்தாள்.

"நான் மாறலைங்க" என்றாள்.

"ஏன்?"

"எனக்கு அழணும்."

"அழறதுக்காடி உனக்குப் பொட்டி வச்சாங்க?"

"உங்களுக்கென்ன, மரக்கட்டை. நான் சீரியல் பாத்தா அழுவேன், அடுத்த வீட்டுப் பொண்ணு கல்யாணமாகிப் போனா அழுவேன். ஒரு மூச்சு அழுது முடிச்சாத்தான் எனக்குச் சோறு இறங்கும். அதையும் பிடுங்கிக்கிட்டா நான் எதுக்கு?"

"ஆறு நின்னுபோச்சுன்னா சோறே இறங்காது. உன்னை வச்சுக்கிட்டு நான் எங்கடி ஓடுவேன்?"

இது பதினைந்து நாள் நடந்தது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். அவர் சொன்ன நியாயத்தில் அவள் மசியவில்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "நீ போயிட்டா எனக்கு யாருடி இருக்கா?" என்று தட்டைப் பார்த்தபடி கேட்டார். அதில்தான் மசிந்தாள். அதுவும் ஒரு நிபந்தனையோடு. "சரி, தொலையறேன். ஆனா ஆடியில வேணாம்."

இந்த இடத்தில்தான் கம்பெனிக்காரர்கள் கோட்டைவிட்டார்கள். முப்பத்தைந்து நாள் தாராளமாகக் கொடுத்தார்கள், யார் எப்போது வேண்டுமானாலும் அழுத்தலாம் என்றார்கள், ஒரு நாளைக்கு ஆயிரத்துச் சொச்சம் பேர் வருவார்கள் என்று வகுத்தும் வைத்தார்கள். அதில் மூன்று நாலு நாள் போக மற்றதெல்லாம் ஆடி மாதம் என்று அவர்களுக்கு எவன் சொல்வான்? புதுசாகக் கல்யாணமான ஜோடியையே பிரித்து வைக்கிற மாதத்தில், உயிர்போகிற காரியத்தை எவன் தொடங்குவான்? பதினெட்டாம் பெருக்கு நல்ல நாள்தானே என்றார் ஒருவர். அன்றைக்கு அஷ்டமி என்றார் இன்னொருவர். காரைக்குடியில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் மட்டும் வீம்புக்கென்று செவ்வாய்க்கிழமை ராகு காலத்தில் அழுத்திவிட்டு, எண்பத்தெட்டே விநாடி என்று எழுதினார். குழுவே அவரைப் பார்த்துச் சிரித்தது.

தில்லைநாயகம் தினசரிக் காலண்டரைப் புரட்டினார். ஆவணி ஒன்று, வெள்ளி, வளர்பிறை, முகூர்த்த நாள். நல்ல நேரம் ஒன்பதே காலிலிருந்து பத்தே கால். பத்தரைக்கு ராகு காலம். கெடுவுக்கும் அன்றுதான் கடைசி. அந்தத் தாளைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டு, கீழே எழுதினார்: "முதல் கோணல் முற்றும் கோணல். ஒன்பதே காலுக்கு டாண்ணு எல்லாரும் அழுத்திடுங்க. யாரும் லேட் பண்ணக் கூடாது."

மூவாயிரம் கும்பிடு விழுந்தது. அங்கிருந்து தாள் நாகர்கோவில் குழுவுக்குப் போனது, சேலம் குழுவுக்குப் போனது, போகாத ஊரில்லை. ஆறிலேயே இருப்போம் என்று கொடி பிடித்தவர்களில்கூடப் பாதிப் பேர், இவ்வளவு நல்ல நாளை விட்டுவிட்டால் பிறகு வருமா என்று மனசு மாறினார்கள். பஸ் ஸ்டாண்டில் விசில் ஊதினால் ஒரு பஸ்தான் கிளம்பும். தில்லைநாயகம் வாழ்க்கையில் முதல் தடவையாக மாநிலத்துக்கே விசில் ஊதினார். அன்று ராத்திரி பெருமையாகத்தான் தூங்கினார்.

வெள்ளிக்கிழமை வல்லி தலைக்குக் குளித்து, விளக்கேற்றி, மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். ஆவணியின் முதல் முகூர்த்தம். மூன்று மாடிக் கட்டடத்தில் ஒரு வீடு பாக்கியில்லாமல் கல்யாணத்துக்குக் கிளம்பியிருந்தது. ஸ்ரீரங்கத்துக்குப் புறப்பட்ட சகாயராஜ் வாசலில் நின்று, "நான் வேணா இருக்கட்டுமா சார்?" என்று கேட்டான்.

"தொண்ணூறு செகண்டு சமாச்சாரம்பா. நீ போய்ச் சாப்பிட்டு வா."

ஒன்பது பதினாலுக்கு வல்லி கையைத் தூக்கி, "இருங்க" என்றாள். கண்ணை மூடி, தோள் இரண்டும் ஏற, நீளமாக ஒரு பெருமூச்சு இழுத்து விட்டாள். "கடைசியா ஒண்ணு விட்டுக்கிட்டேன். இனிமே எங்க விட?" என்று சிரித்தாள். அவரும் சிரித்தார். மூடியை அவள் வாயில் அழுத்தினார். அவள் இடது கையால் போனில் பொத்தானைத் தொட்டாள். ஒன்பதே கால், டாண்.

பொட்டி நின்றது. அவர் பையை அமுக்கினார், நெஞ்சு ஏறியது. விட்டார், இறங்கியது. ஐந்து விநாடிக்கு ஒன்று. மனசுக்குள் எண்ணிக்கொண்டே வந்தார். தொண்ணூறு ஆனது. நூற்றிருபது ஆனது. பீப் வரவில்லை. வல்லி போனைத் திருப்பிக் காட்டினாள். *சாவி பெறப்படுகிறது. உங்கள் வரிசை எண் 29,406. காத்திருக்கவும்.*

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும், "கம்பெனிக்குப் போடு" என்றார்.

வெள்ளோட்டக்காரர்களுக்கென்று தனி எண் ஒன்று இருந்தது. வல்லிதான் ஒற்றைக் கையால் அதைப் போட்டு, அவர் காதோரம் பிடித்தாள். அவளுக்கு நினைவெல்லாம் தெளிவாகவே இருந்தது. மூச்சு மட்டும்தான் அவர் கையில் இருந்தது. எதிர்முனையில் ஜெசிந்தா என்று ஒரு பெண் எடுத்தாள். அவள் குரலைச் சுற்றி நூறு போன்கள் அடித்துக்கொண்டிருந்தன.

"என்னம்மா இது, வரிசை எண்ணுன்னு வருது?"

"சார், ஒரே நிமிஷத்துல முப்பத்தோராயிரம் பேர் அழுத்தியிருக்காங்க. ஒவ்வொரு பொட்டிக்கும் ஏழு ஏறினதும் இங்கேருந்து ஒரு சாவி வரணும். வந்தாத்தான் ஓடும். நிமிஷத்துக்கு இருநூத்தைம்பது சாவிதான் போகும் சார்."

"அப்ப பழைய ஆறையே திருப்பிப் போடு."

"ஆறை அழிச்சிட்டுத்தான் சார் ஏழு ஏறும்."

"சாவி எதுக்கு? சாவி இல்லாம ஓட விடு."

"திருட்டுத்தனமா யாரும் ஏத்திக்கக் கூடாதுன்னு வச்ச பூட்டு சார் அது. அதைத் திறக்க உரிமை இருக்கிறவங்க இப்ப வெளிநாட்டுல தூங்கிட்டு இருக்காங்க. எழுப்பிக்கிட்டு இருக்கோம்." அவள் குரல் உடைந்தது. "முப்பத்தஞ்சு நாள் குடுத்தோமே சார். ஆடின்னு ஒரு மாசம் இருக்குன்னு அங்க யாருக்குமே தெரியல. எவனோ ஒருத்தன் காலண்டர் தாளைப் போட்டு எல்லாரையும் ஒன்பதே காலுக்கு அழுத்தச் சொல்லியிருக்கான் சார்."

தில்லைநாயகம் பையை அமுக்கினார்.

கணக்கு போடுவதற்கு அவருக்குக் காகிதம் தேவையில்லை. இருபத்தொன்பதாயிரத்தை இருநூற்றைம்பதால் வகுத்தால் இரண்டு மணி நேரம். பதினொன்றே கால் ஆகும். அதுவரை ஐந்து விநாடிக்கு ஒரு அமுக்கு, ஒன்றுகூடத் தவறாமல்.

வல்லி ஆம்புலன்ஸுக்குப் போட்டாள். தொடர்பில் இருக்கச் சொல்லிப் பாட்டு ஓடியது. மறுபடி போட்டாள், அதே பாட்டு. முப்பதாயிரம் வீட்டிலும் அதே எண்ணைத்தானே போட்டிருப்பார்கள். சகாயராஜுக்குப் போட்டாள். நாகஸ்வரச் சத்தத்தில் அவன் எடுக்கவில்லை. ஏழாவது தடவையில் எடுத்தான். தில்லைநாயகம் விஷயத்தைச் சொன்னார். "ஐயோ, இதோ கிளம்பிட்டேன் சார்" என்றான். அப்போது மணி பத்தேகால். முகூர்த்த நாளில் காவிரிப் பாலத்தைத் தாண்டி வர ஒரு மணி நேரமாவது ஆகும்.

ஜன்னலுக்குக் கீழே தெருவில் ஆள் நடமாட்டம் கேட்டது. தில்லைநாயகம் கூப்பிட்டுப் பார்த்தார். அடித்தொண்டையிலிருந்து கத்த மூச்சை நிறைய இழுக்க வேண்டும். இழுக்கப் போனார். பாதியில் பொட்டி இழுப்பை நிறுத்தி, பதமாக வெளியே விட்டது. சீராக்கிவிட்டது. குரல் ஜன்னல் வரைக்குமே போகவில்லை. கீழே யாரோ காய் விற்றுக்கொண்டு போனார்கள்.

அப்போதுதான் அவருக்கு முனியாண்டி ஞாபகத்துக்கு வந்தான்.

அவர் கை எரிந்தது. தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. ஐம்பத்தாறு வயது உடம்பு, ஒரு மணி நேரமாக இடைவிடாமல் உழைக்கிறது. மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கக் கெஞ்சுகிறது. பொட்டியோ நிமிஷத்துக்குப் பதினாலு என்று, ஈஸிசேரில் சாய்ந்து பேப்பர் படிக்கிறவனுக்கு விடுவது போல விட்டுக்கொண்டிருந்தது. வல்லி முந்தானையால் அவர் நெற்றியைத் துடைத்தாள். போனில் ஏதோ தட்டி அவர் முகத்துக்கு நேரே காட்டினாள்.

*கொஞ்சம் நிறுத்திட்டு மூச்சு வாங்கிக்குங்க. நான் அடக்கிக்கிறேன்.*

அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நிறுத்தி என்ன பிரயோசனம், வாங்கத்தான் முடியாதே. அதை அவளிடம் எப்படிச் சொல்வார்? மாறு மாறு என்று பதினைந்து நாள் அவளை அரித்தது அவர்தானே.

வரிசை எண் ஒன்பதாயிரத்துக்கு வந்திருந்தது. பத்து முப்பத்தெட்டு. ஜன்னல் சதுரத்தின் ஓரங்கள் கறுத்தன. அமுக்கு. விடு. வல்லியின் கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அமுக்கு. அந்தக் கண் எதையோ கண்டு பயந்தது. அவள் கை அவர் சட்டையைப் பிடித்தது தெரிந்தது. அதற்குமேல் ஒன்றும் தெரியவில்லை.

விழித்தபோது தரையில் கிடந்தார். மூச்சு அழகாக, அளவாகப் போய்க்கொண்டிருந்தது. மயக்கம் போட்டவனுக்கும் அதே பதினாலுதான். சுவரில் மணி பத்து ஐம்பத்தொன்பது.

வல்லி கட்டிலின் விளிம்பில் சரிந்து கிடந்தாள். ரப்பர் பை அவளுடைய இரண்டு முழங்காலுக்கும் நடுவே இருந்தது. காலால் அமுக்கிப் பார்த்திருக்கிறாள். மூடி கழுத்துக்கு நழுவியிருந்தது. அதைப் பிடிக்க வேண்டிய இடது கை, கீழே விழுந்தவரை எழுப்ப நீண்டு, தொங்கிக்கொண்டிருந்தது. விரலிடுக்கில் அவர் சட்டைப் பொத்தான் ஒன்று இருந்தது.

அவர் மூடியை வைத்து அமுக்கினார். உதடு நீலம் பாரித்திருந்தது. அமுக்கினார். கண்ணுக்கு நேரே கையை ஆட்டினார், மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார், நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார். திரும்பவும் அமுக்கினார். வல்லி, வல்லி என்று கூப்பிட்டார். அந்தக் குரல்கூட நிதானமாகத்தான் வந்தது. பதினொன்றே கால் வரைக்கும் அமுக்கிக்கொண்டே இருந்தார். அதற்கப்புறம் கை தானாக நின்றுவிட்டது.

பதினொன்று பத்தொன்பதுக்கு பீப் என்றது.

வல்லியின் நெஞ்சு ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது. சாவி வந்துவிட்டது. கட்டிலில் கிடந்த போனில் பச்சை எழுத்து மின்னியது: *வாழ்த்துகள். ஏழாம் பதிப்பு வெற்றிகரமாக நிறுவப்பட்டது.*

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவர் பைத்தியம் மாதிரி நம்பினார். குனிந்து அவள் கன்னத்தைத் தட்டினார். வாயிலிருந்து காற்று வந்து போனது. கன்னம் ஆறிப்போயிருந்தது. கண் அவரைப் பார்க்கவில்லை.

படியில் தடதடவென்று காலடிச் சத்தம். பட்டுவேட்டியோடு சகாயராஜ் ஓடி வந்து வாசலில் நின்றான். கட்டிலைப் பார்த்தான், ஏறி இறங்கும் நெஞ்சைப் பார்த்தான், அப்படியே சுவரில் சாய்ந்தான்.

"மாதாவே. அக்காவுக்கு மூச்சு ஓடுது சார். நான் என்னென்னமோ நினைச்சுப் பதறிட்டு வந்தேன்."

தில்லைநாயகம் வாயைத் திறந்தார். அடிவயிற்றிலிருந்து ஒன்று திரண்டு வந்தது. முப்பது வருஷத்து வாழ்க்கை மொத்தமும் திரண்டு தொண்டைக்கு வந்தது. நெஞ்சு விம்மியிருக்க வேண்டும். பொட்டி அதைத் தொட்டுப் பார்த்து, தாறுமாறு என்று கண்டு, மெதுவாகச் சீராக்கிக் கீழே இறக்கியது. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வழிந்தது. அவர் நெஞ்சும் அவள் நெஞ்சும் ஒரே அளவில் ஏறி இறங்கின.

"வியர்த்துக் கொட்டுது பாருங்க. உக்காருங்க சார்" என்று சகாயராஜ் அவர் தோளைப் பிடித்தான். "வர்ற வழியெல்லாம் ஒவ்வொரு தெருவுலயும் ஓலம். நீங்க இவ்வளவு நிதானமா இருக்கிறதைப் பாத்ததும்தான் எனக்கு உயிரே வந்துச்சு."

"சகாயம்" என்றார் அவர். "அக்கா போயிட்டாப்பா."

அவன் சிரிக்கப் போனான். அவர் அமைதியான முகத்தையும், கட்டிலில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தவளையும் மாறி மாறிப் பார்த்தான். "உங்களுக்குக் களைப்பு சார், தண்ணி கொண்டாரேன்" என்று அடுப்படிக்குப் போனான்.

வல்லியின் போன் மறுபடி மினுங்கியது. *ஏழாம் பதிப்பு எப்படி இருக்கிறது? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.* கீழே ஐந்து நட்சத்திரங்கள் காலியாக இருந்தன.

அவர் அதைத் தள்ளிவிட்டுத் தன் போனை எடுத்தார். குழுவைத் திறந்தார். நூற்றுக்கணக்கில் செய்திகள் வந்து விழுந்துகொண்டிருந்தன. பாதிக்கு மேல் அவர் பெயரைச் சொல்லித்தான். அவர் எதையும் படிக்கவில்லை. மேலே, மேலே என்று தள்ளிக்கொண்டு போய், கோமதி எழுதியிருந்த இடத்தைத் தேடினார். 'குழு நிர்வாகியால் அழிக்கப்பட்டது' என்று மட்டும் இருந்தது. அழித்ததைத் திரும்ப எடுக்க வழியில்லை.

ஞாபகத்திலிருந்து எழுத ஆரம்பித்தார். விரல் எழுத்தைத் தப்பித் தப்பித் தொட்டது, மூச்சு மட்டும் தப்பவில்லை.

"கண்ணுல தண்ணி வருது, அழுகை வரல. நெஞ்சு விம்ம மாட்டேங்குது. பொட்டி விடமாட்டேங்குது."